உப்புக்காற்றில் அலுமினியம் காயில்: மாட்டுவதும் காப்பாற்றுவதும்

"கடலோரத்துக்குக் காப்பர் காயில்தான் சார் தாங்கும்" என்று, ஏ.சி. வாங்கப் போனால், புதுச்சேரி நேரு வீதியிலும் சொல்வார்கள், கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சொல்வார்கள். காயில் என்பது ஏ.சி.யின் வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் குழாய் அடுக்கு. அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. காப்பர் என்று விற்கிற ஏ.சி.யிலும் குழாய் மட்டுமே காப்பர். அதைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கிற மெல்லிய தகடான ஃபின் அலுமினியம், கனம் சுமார் 0.1 மி.மீ. எதை வாங்கினாலும் அலுமினியத்தைக் கொண்டுபோய் உப்புக்காற்றில்தான் நிறுத்தப் போகிறோம். எங்கே நிறுத்துகிறோம், எதோடு சேர்த்து நிறுத்துகிறோம், எதை ஊற்றிக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்து அது மூன்று வருஷமும் ஓடும், பத்து வருஷமும் ஓடும்.

முதலில் இரண்டு வகைக் காயிலையும் பிரித்துப் பார்த்துவிடலாம். காப்பர் குழாயும் அலுமினிய ஃபினும் சேர்ந்தது பழைய வகை. முழுக்க அலுமினியத்தில், தட்டையான பட்டைக் குழாய்களும் அவற்றுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக ஃபினும் வைத்து, சூளையில் ஒரேயடியாகப் பற்றவைத்தது மைக்ரோசேனல். அந்தப் பட்டைக்குள் ஒரு மி.மீ. அளவில் வரிசையாகத் துளைகள் இருக்கும், கேஸ் அதில் ஓடும்.

இரண்டும் கெடுகிற விதம் வேறு. காப்பர்-அலுமினியம் காயிலில், குழாயை ஃபின் கவ்வியிருக்கும் கழுத்துப் பகுதிதான் முதலில் அரிக்கும். கேஸ் அப்படியே இருக்கும், குளிர்ச்சி மட்டும் குறைந்துகொண்டே வரும். ஃபினுக்கும் குழாய்க்கும் தொடர்பு அறுந்தபின் சூடு வெளியேற வழியில்லை. பிரஷர் ஏறும், கரண்ட் கூடும், மதியம் இரண்டு மணிக்குக் கம்ப்ரஸர் டிரிப் ஆகும். "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்று வருஷம் தவறாமல் கேஸ் போட்டுக்கொண்டிருக்கும் பல வீடுகளில் உண்மையான நோய் இதுதான். விரலால் ஃபினைத் தேய்த்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் காயில் முடிந்தது, எவ்வளவு கேஸ் போட்டும் பிரயோசனமில்லை.

மைக்ரோசேனலில் உள்ளுக்குள் காப்பர் இல்லை, அதனால் காப்பரும் அலுமினியமும் மோதுகிற அந்தக் கழுத்துச் சண்டையும் இல்லை. ஆனால் கேஸைச் சுமக்கிற சுவரே அலுமினியம், அதுவும் சுமார் 0.3 மி.மீ. கனம்தான். ஊசி முனை அளவு ஒரு குழி விழுந்தால் மொத்தக் கேஸும் போய்விடும். அது பார்க்கப் புதுசு போல இருக்கும்போதே படுத்துக்கொள்ளும்.

அலுமினியம் தன்மேல் தானே ஒரு ஆக்ஸைடு படலம் போட்டுக்கொள்ளும். பி.எச்., அதாவது ஆசிட்டா காரமா என்று காட்டும் அளவு, சுமார் 4 முதல் 8.5 வரை அந்தப் படலம் நிலைத்து நிற்கும். அதற்குக் கீழே ஆசிட் கரைக்கும், மேலே காரம் கரைக்கும். நடுவிலும் ஒரு எதிரி உண்டு, குளோரைடு. அது படலத்தைப் பரவலாகக் கரைக்காது, ஒரு புள்ளியில் துளைத்து உள்ளே இறங்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாயையோ உப்புத் தண்ணீரையோ வைத்து மறந்தவர்களுக்கு இது தெரியும். பாத்திரம் தேயாது, ஊசி ஊசியாக ஓட்டை விழும்.

கடல் உப்பு வெறும் சோற்றுப்பு அல்ல, அதில் மெக்னீஷியம் குளோரைடும் இருக்கிறது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்விடும். மெக்னீஷியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். புதுச்சேரியிலோ கடலூரிலோ காற்று அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். ஃபின்மேல் படிந்த உப்பு நம் கண்ணுக்குக் காய்ந்த தூசியாகத் தெரிந்தாலும் அநேகமாக நாள் முழுக்கக் கசகசவென்று ஈரமாகத்தான் இருக்கும். மழை பெய்தால்தான் கெடும் என்கிற நினைப்பை இங்கே விட்டுவிட வேண்டும்.

உண்மையில் மழை இங்கே நல்லவன். மொட்டை மாடியில் மழையில் நனைகிற யூனிட்டைவிட, சன்ஷேடுக்குக் கீழே பத்திரமாக வைத்த யூனிட் சீக்கிரம் வெள்ளைப் பொடியாகப் பூத்துப்போவதைப் பல தெருக்களில் பார்க்கலாம். உப்பு இரண்டின் மேலும் விழுகிறது. மழை ஒன்றைத்தான் கழுவுகிறது. நமக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஜனவரி தொடங்கி மே வரை கழுவ ஆளில்லை, மார்ச்சுக்குப் பிறகு பிற்பகல் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். கூரை போடாதே என்று சொல்லவில்லை. கூரை போட்டால் கழுவுகிற வேலை உங்களுடையது, அவ்வளவுதான்.

இடம் தேர்வுக்கு வருவோம். நம் கரையில் கடல் கிழக்கே. யூனிட்டின் பின்புறக் காயில் கிழக்கைப் பார்க்காமல், நடுவில் ஒரு சுவரோ தண்ணீர்த் தொட்டியோ காற்றைத் தடுக்கும்படி மேற்குப் பக்கம் வைப்பதே முதல் பாதுகாப்பு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரின்மேல் ஸ்டாண்ட் அடிப்பது காயிலை அலையில் முக்குவதற்குச் சமம். காயிலுக்கும் பின்சுவருக்கும் இடைவெளி கம்பெனி மேனுவல் சொல்கிறபடி விட வேண்டும். அதில் 15 செ.மீ. என்று இருந்தால் கடலோரத்தில் 30 விடுங்கள். காற்றுக்கு அவ்வளவு தேவையில்லை, கழுவக் கை நுழைய வேண்டும். கை நுழையாத காயிலை யாரும் கழுவ மாட்டார்கள்.

புதுச்சேரி ஒயிட் டவுன் பழைய வீடுகளில் தெருப்பக்கம் யூனிட் தெரியக்கூடாது என்பதால் உள்முற்றத்தில் அல்லது மாடியில் வைப்பார்கள். முற்றம் நல்ல இடம், உப்பு குறைவு. ஆனால் அந்தச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. வெள்ளையடிக்கும்போது யூனிட்டை மூடாமல் விட்டால் ஈரச் சுண்ணாம்பு ஃபினில் தெறிக்கும். அதன் பி.எச். 12-க்கு மேல். சிமெண்ட் பாலும் அப்படித்தான். பெயிண்ட் தெறித்தால் அசிங்கம் மட்டும்தான், சுண்ணாம்பு தெறித்தால் அந்த இடம் கரைந்து போகும். தெறித்த உடனே நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் தப்பும், மறுநாள் சுரண்டுவதில் பலனில்லை.

யூனிட் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பாத்ரூம் ஆசிட் கேன், பிளீச்சிங் பவுடர் மூட்டை, நீச்சல் குளத்து பம்ப் அறையின் ஜன்னல், செப்டிக் டேங்க் வென்ட் பைப், இவற்றில் எதுவும் காயில் காற்று இழுக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. கெஸ்ட் ஹவுஸ்களில் ஹவுஸ்கீப்பிங் சாமான்களை யூனிட்டுக்குக் கீழேதான் வைப்பார்கள், நிழலாக இருக்கிறதே என்று. தரைமட்டத்தில் வைத்தால் தெரு நாய் காலைத் தூக்கும் உயரம் காயிலின் கீழ் வரிசை. சிரிப்பாக இருந்தாலும் அந்த மூலை மட்டும் தனியாக அரித்திருப்பதற்கு அதுவே காரணம். ஒன்றரை அடி மேலே தூக்கி வையுங்கள். கடலூர் சிப்காட் பக்கம், குடிகாடு வழியாக வீடு இருந்தால் உப்போடு தொழிற்சாலைக் காற்றும் சேரும். அங்கே கோட்டிங் இல்லாத காயில் வாங்கவே வேண்டாம்.

இனி ஸ்டாண்ட். சாதாரண பெயிண்ட் அடித்த இரும்பு ஆங்கிள் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, ஸ்டாண்ட் வாங்கி, வெட்டின முனைக்கும் துளை போட்ட இடத்துக்கும் சிங்க் பெயிண்ட் இரண்டு கோட் கொடுக்க வேண்டும். போல்ட், நட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 ரகமாக இருக்க வேண்டும். 304 ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை விடும். அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் சேரலாமா என்று கேட்பார்கள். சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் பெரிய அலுமினியப் பரப்பும் என்றால் பாதிப்பு பரந்துபோய் மெதுவாக நடக்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் என்றால் ரிவெட் சீக்கிரமே காலி. எப்படியும் நடுவில் நைலான் வாஷர் போடுவது சில ரூபாய் சமாச்சாரம். நான்கு காலுக்கும் ரப்பர் புஷ் போட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மாடியில் என்னவெல்லாம் பறந்தது என்று தெரிந்தவர்கள் நான்கு போல்ட்டில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டார்கள்.

மைக்ரோசேனல் யூனிட் என்றால் அட்டையைப் பிரித்ததும் பக்கத் தகட்டைக் கழற்றி ஒன்றைப் பாருங்கள். காயில் அடித்தகட்டின் மேல் நேராக உட்காராமல் ரப்பர் குஷன்களில் உட்கார்ந்திருக்க வேண்டும். லாரியில் வரும்போதும் மாடிப்படியில் சாய்த்துத் தூக்கும்போதும் அந்த ரப்பர் நழுவும். நழுவினால் அலுமினியம் இரும்பைத் தொட்டுக்கொண்டு ஓடும். அதிர்வில் தேயும், ஈரத்தில் அரிக்கும். கூடவே அடித்தகட்டில் இருக்கும் வடிகால் துளைகளையும் பாருங்கள். வேப்பிலையும் மண்ணும் அடைத்தால் கீழ் வரிசை உப்புத் தண்ணீரில் நிற்கும். காயில்கள் பெரும்பாலும் கீழிருந்து மேலாகக் கெடுவதற்கு இதுவே காரணம்.

அதிகம் பேர் கவனிக்காதது காப்பர் சொட்டு. காப்பர் பைப்பைத் தொட்டு வழிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு காப்பர் கரைந்திருக்கும். அது அலுமினியத்தின் மேல் சொட்டினால் காப்பர் அங்கே புள்ளியாகப் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி பேட்டரி, சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும். இரண்டு உலோகமும் ஒட்டியிருந்தால்தான் அரிப்பு என்று நினைக்கிறோம், சொட்டுகிற தூரமே போதும். அடுக்குமாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டாண்ட் அடித்து நான்கு யூனிட் இருக்கும். மேல் வீட்டு சக்ஷன் பைப்பில், அதாவது குளிர்ந்த கேஸ் திரும்பி வரும் பைப்பில், இன்சுலேஷன் கிழிந்து வியர்க்கும், கீழ் வீட்டுக் காயிலில் டிக் டிக்கென்று விழும். அந்தக் காயிலைப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, மேலிருந்து கீழாக ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பொடி பூத்த கோடு ஒன்று இறங்கியிருக்கும். நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் காரணம் தொங்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது: 9 மி.மீ. இன்சுலேஷன் நம் ஊர் ஈரத்துக்குப் போதாது, 13 அல்லது 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் போட வேண்டும். மூட்டு ஒவ்வொன்றும் பசை வைத்து ஒட்ட வேண்டும், டேப் சுற்றுவது மட்டும் ஒட்டியதாகாது. வெயிலுக்கு மேலே ஒரு உறை. உள் யூனிட்டிலிருந்து வடியும் தண்ணீரும் காப்பர் காயிலைத் தொட்டு வருவதுதான், அதை இன்னொரு யூனிட் மேல் விழ விடாமல் பி.வி.சி. பைப்பில் கீழே இறக்குங்கள். இடிதாங்கியின் காப்பர் பட்டை யூனிட்டுக்கு நேர் மேலே ஓடினால் யூனிட்டைத் தள்ளி வையுங்கள்.

பைப் இணைப்பு. மைக்ரோசேனலில் அலுமினியம் காப்பரைச் சந்திக்கிற இடம் ஒன்றுதான்: பட்டைகளெல்லாம் வந்து சேரும் பக்கக் குழாயான ஹெடரிலிருந்து வெளிவரும் குட்டிக் குழாய். அந்த மூட்டைக் கம்பெனியிலேயே போட்டு, பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடி அனுப்புவார்கள். ஸ்லீவ் கிழிந்திருந்தால் புதிது ஏற்றி மூடாமல் யூனிட்டை ஓட்டக்கூடாது. அந்த மூட்டுக்குப் பக்கத்தில் பற்றவைக்கும் கேஸ் டார்ச் வைப்பது ஆபத்து. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், காப்பரைப் பற்றவைக்கும் பிரேசிங் ராடு உருகி ஓட 700 டிகிரிக்கு மேல் வேண்டும். காப்பர் சிவக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே தொப்பென்று விழும். முன்னறிவிப்பே கிடையாது. பிரேசிங் செய்தே ஆக வேண்டும் என்றால் மூட்டின்மேல் ஈரத்துணி சுற்றி, துணி காயக் காய நனைத்து, உள்ளே நைட்ரஜன் ஓடவிட்டுச் செய்ய வேண்டும்.

பைப்பின் விரித்த முனையை இணைக்கும் ஃப்ளேர் நட்டுக்கு எண்ணெய் தடவி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள்: கால் இஞ்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், எட்டில் மூன்று இஞ்சுக்கு 34 முதல் 42, அரை இஞ்சுக்கு 49 முதல் 61. நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட் யூனிட் ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கு மேல் வேண்டாம். ஆக்ஸிஜன் சிலிண்டரை அதற்குத் தொடவே கூடாது. பம்பால் உள்காற்றை இழுத்து வேக்குவம் 500 மைக்ரானுக்கு (இங்கே மைக்ரான் அழுத்தத்தின் அளவு) இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிஷம் பாருங்கள், ஏறிக்கொண்டே போனால் லீக்கோ ஈரமோ இருக்கிறது. மைக்ரோசேனலின் உள்கொள்ளளவு ரொம்பச் சின்னது. நூறு கிராம் கூடினாலே காயிலில் இருக்கும் ஹெட் பிரஷர் தூக்கும். கேஜைப் பார்த்துப் போடுகிற வழக்கம் இதற்குச் சரிவராது, தராசு வைத்து ஸ்டிக்கரில் உள்ள எடைதான்.

விலை குறைவாக வரும் பெயர் தெரியாத கேஸ் சிலிண்டர் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெத்தில் குளோரைடு, அதாவது ஆர் 40, அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-ல் கப்பல்களில் போகும் ரீஃபர் என்கிற குளிர்சாதனக் கண்டெய்னர்கள் சில வெடித்து உயிர்கள் போயின. விசாரணை கைகாட்டியது, ஆர் 134ஏ என்ற பெயரில் அடைக்கப்பட்டு இது கலந்திருந்த போலி கேஸை. காயில் முழுக்க அலுமினியம் என்றால் இந்த விஷயத்தில் மலிவு பார்க்காதீர்கள்.

கோட்டிங் விஷயத்தில் நிறத்துக்கு மயங்க வேண்டாம். புளூ ஃபின், கோல்ட் ஃபின் என்பவை தகட்டில் முன்கூட்டியே பூசி, பிறகு வெட்டித் துளை போட்டவை. வெட்டின விளிம்பும் துளையின் கழுத்தும் பூச்சில்லாமல்தான் இருக்கும், அரிப்பும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒன்றும் இல்லாததற்கு மேல், அவ்வளவே. காயில் முழுவதையும் செய்து முடித்தபின் மின்னேற்றத் தொட்டியில் முக்கி எடுக்கும் எப்பாக்ஸி இ-கோட் விளிம்பு, மூலை எல்லாவற்றையும் 15 முதல் 30 மைக்ரான் கனத்தில் மூடும். எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, மேலே யு.வி. தாங்கும் ஒரு கோட் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரோசேனலில் பட்டைமேல் துத்தநாகம் தெளித்த வகை உண்டு. துத்தநாகம் முதலில் கரைந்து பட்டையைக் காக்கும், அரிப்பு ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் பரவும். நல்ல ஏற்பாடு, ஆனால் உப்பைக் கழுவாவிட்டால் அதுவும் சீக்கிரம் தீரும்.

"ஆயிரம் மணி நேரம் சால்ட் ஸ்பிரே பாஸ்" என்ற வாசகத்தை வருஷமாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். அந்த டெஸ்டில் 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிப்பார்கள். நம் மாடியில் நடப்பது ஈரம், வெயில், மறுபடி ஈரம். அலுமினியத்துக்கு அமிலம் சேர்த்த செயற்கைக் கடல்நீரில், 49 டிகிரியில் செய்யும் ஸ்வாட் டெஸ்ட் கொஞ்சம் நெருக்கமானது. அந்த முடிவைக் கேளுங்கள். பெயிண்ட் கடையில் கிளியர் லாக்கர் ஸ்பிரே வாங்கி அடிப்பது வீண்வேலை. வெளி விளிம்பில் மட்டும் படியும், ஃபின் இடுக்கை அடைக்கும், அடியில் சிக்கிய உப்பு மூடிய இடத்திலேயே தின்னும். ஏற்கெனவே ஓடிய காயிலுக்கு பாலியூரித்தேன் கோட்டிங் செய்ய ஆள் வந்தால், நன்றாகக் கழுவி முழுக்கக் காயவைத்த பிறகுதான் ஸ்பிரே எடுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காலையில் கழுவி மதியத்துக்குள் பூசி முடிப்பவரை அனுப்பிவிடலாம்.

கழுவுவது. இதில் கெடுகிற காயில்களைவிட உப்பில் கெடுகிறவை குறைவு என்றே சொல்லத் தோன்றும். சர்வீஸ் தம்பி பாட்டிலை எடுத்து ஸ்பிரே அடிப்பார். வெள்ளை நுரை புசுபுசுவென்று பொங்கி, அழுக்கையெல்லாம் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பார்க்க அவ்வளவு திருப்தி. அது காஸ்டிக் சோடா கலந்த கெமிக்கல் என்றால், அந்த நுரைக்குள் இருப்பது ஹைட்ரஜன். அலுமினியம் கரையும்போது வெளிவருவது. அழுக்கைத் தள்ளுவது கரைகிற ஃபின்தான். அலுமினியச் சட்டியில் சோடா உப்பு போட்டுத் துலக்கினால் கறுத்துப்போவதும் இதே கதை. ஆசிட் வாஷ் இன்னொரு கோடி. கழுவியதும் பளபளக்கும், ஆறு மாசத்தில் பூக்கும். 0.1 மி.மீ. தகட்டில் இழக்க எதுவும் இல்லை. "தம்பி, கெமிக்கல் வேண்டாம், தண்ணி மட்டும் அடிங்க" என்று வேலை ஆரம்பிக்கும் முன்னே சொல்லிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் பி.எச். நடுநிலையான சோப்புத் தண்ணீர், பிறகு நிறைய அலசல்.

தண்ணீரும் முக்கியம். கடலோரத்தில் பல போர்வெல்களில் கடல்நீர் கலந்திருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2000 வரை. இரண்டாயிரம் உள்ள போர் தண்ணீரில் காயிலைக் கழுவி வெயிலில் காயவிடுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவது. முனிசிபல் தண்ணீரோ மழைநீரோ பயன்படுத்துங்கள். போர் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதில் அழுக்கை எடுத்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு யூனிட்டுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர்.

மெயினை அணைத்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி நடுவில் போய் இறுகும். தோட்டத்து ஹோஸ் போதும். வண்டி கழுவும் பிரஷர் பம்பை ஃபின் காயில் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒரே வீச்சில் ஃபின் மடங்கிக் காற்று அடைபடும். எலெக்ட்ரிக் பாக்ஸை முதலில் பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள். கீழே வடியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை விடுங்கள், கடைசியில் அடித்தகட்டுத் துளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள். கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் ஜனவரி முதல் ஜூன் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதைத் தாண்டி ஊருக்குள்ளே என்றால் மாசம் ஒருமுறை. புயல் வந்து போனால் மறுநாளே. மழை கழுவியிருக்கும் என்று விடாதீர்கள், அந்தக் காற்று அலைநீரையே தூக்கி வந்திருக்கும்.

மைக்ரோசேனலில் லீக் வந்துவிட்டால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி இடத்தைப் பிடியுங்கள். பட்டையின் நடுவில் ஒரே ஒரு ஊசித் துளை என்றால், சுற்றிலும் ஒரு இஞ்சுக்கு ஃபினை வெட்டி எடுத்து, 80 நம்பர் எமரியால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோகத்துக்கான இரு-பாக எப்பாக்ஸியை வைத்து, உள்ளே லேசாக வேக்குவம் இழுத்தால் பசை துளைக்குள் இறங்கும். 24 மணி நேரம் காயவிட்டு மறுபடி நைட்ரஜன் டெஸ்ட். துத்தநாகம்-அலுமினியம் ராடு வைத்து டார்ச்சில் அடைப்பவர்களும் உண்டு. கை பழகியவர் செய்தால் சரி. ஆனால் பற்றவைக்க உதவும் ஃப்ளக்ஸ் பொடி குளோரைடு வகையாக இருந்தால் மிச்சத்தை வெந்நீர் விட்டு முழுக்கக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

லீக் மூன்று நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் தெரிந்தாலோ, ஹெடரில் பட்டை நுழைகிற மூட்டில் வந்தாலோ ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். காயிலை மாற்றுங்கள். மாற்றும்போது நேர் மேலே எந்த பைப் சொட்டுகிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் புதுசை உட்காரவையுங்கள்.